பெரியம்மா சொல்லாத பேர்

என் தாத்தாவுக்குத் தாத்தா போடிநாயக்கனூரில் லாடம் அடிக்கிற தொழில் பார்த்தவர். மலைக்கு ரோடு வராத காலத்தில், ஏலத் தோட்டங்களுக்கு அரிசி சுமந்து ஏறிய பொதிமாடுகளுக்கெல்லாம் அவர்தான் லாடம் அடித்தாராம். இவ்வளவும் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். பேர் மட்டும் தெரியாது. கேட்டால், "லாடக்காரர்தாம்ப்பா" என்பார்கள். அது ஒரு பேரா?

போடிமெட்டு வரைக்கும் ஜீப்பில் குலுங்கிப் போய் ஒரு பங்காளியைக் கேட்டேன். இடுப்பு வலிதான் மிச்சம். "சிலமலையில உங்க பெரியம்மாவைக் கேளுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் சம்சாரம். நான் பிறந்ததிலிருந்து என்னை "ஏப்பா" என்று மட்டுமே கூப்பிடுகிறவர். என்னைப் பிடிக்காது போல என்றுதான் நினைத்திருந்தேன்.

"பேரு தெரியும்ப்பா. ஆனா நான் சொல்லக் கூடாது" என்றார்.

"பெரியப்பா பேரைச் சொல்ல மாட்டீக, சரி. எப்பவோ செத்துப்போன மனுசன் பேரைச் சொன்னா என்ன கொறஞ்சு போகும்?" கத்தியே விட்டேன்.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, அது அத்தையோட மாமனார் பேரும்தான். அதைத்தான உங்களுக்கும் வச்சிருக்கு? அத்தை என்னைக்காச்சும் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காகளா?"

தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வீடு எங்களுடையது. என் தாத்தாவுக்கும் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேடின பேரை ஆதார் அட்டையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மலையேறி இறங்கியிருக்கிறேன்.

"ஏப்பா, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார் பெரியம்மா.

உட்கார்ந்து குடித்தேன்.