கிளியம்மாளின் உச்சந்தலை ஊசி

தாம்பரம் மைதானத்தில் கால்பந்து நடக்கும்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே எண்ணெய்ப் புட்டியோடு உட்கார்ந்திருப்பார் சவுரிமுத்து. ஆட்டக்காரருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஓடிப்போய் நீவிவிடுவது அவர் வேலை. 1983இல் குரோம்பேட்டையில் ஓர் எலும்பு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே நாள் முழுவதும் முதுகுகளை அமுக்கியதில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. முட்டி வலி என்று வருகிறவருக்கு இடுப்பு கோணியிருக்கிறது. கழுத்து வலிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டே பேசுகிறார். வலிக்கிற இடத்தை மட்டும் தேய்த்து அனுப்புவது, ஒழுகுகிற ஓட்டை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலையாக அவருக்குப் பட்டது.

உடம்பு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிற வைத்தியம் வேண்டும் என்று, ஞாயிறுதோறும் எழும்பூருக்கு ரயில் ஏறி அக்குபங்சர் படித்தார். குத்திப் பழக முதலில் சலவை சோப்புதான் கொடுத்தார்கள். அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

“இது சோப்பா, சல்லடையாங்க? துணியில போட்டா நாலு பக்கமும் உடையுது” என்றாள் மனைவி செல்வமேரி.

“கை பழகணும் மேரி. அடுத்தது மனுஷ உடம்புதான். உன் காலைக் கொஞ்சம் இப்படி நீட்டேன்.”

“கிட்ட வந்தீங்கன்னா அடுத்த பஸ்ல எங்கம்மா வூட்ல இருப்பேன்.”

ஆகவே தன் காலிலேயே குத்திக் குத்திக் கற்றுக்கொண்டார்.

1991இல் வேலையை விட்டுவிட்டு, பீர்க்கன்கரணையில் கிளியம்மாள் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்தார். கிளியம்மாள் ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையாகி விற்ற பிறகும் தெருவில் அவர் சொன்னதுதான் சட்டம். தெரு சவுரிமுத்துவை நம்பவில்லை. “முட்டி வலின்னு போனா நாக்க நீட்டச் சொல்றான்” என்றார்கள். “ஊசிக்குள்ள மருந்தே இல்லியாம். காலி ஊசி.”

கிளியம்மாளின் மகன் ஜெயவேலு அந்த அறையில் எஸ்.டி.டி. பூத் வைக்கத் துடித்துக்கொண்டிருந்தான்.

“ஏம்மா, ஈ ஓட்றதுக்கு ஒரு ரூமா? அந்தாளைக் காலி பண்ணச் சொல்லு.”

கிளியம்மாள் யோசித்தார். அவருக்கு வலது தோள் இறுகி ஒரு வருஷமாகிறது. கை காதுக்கு மேல் போகாது. வைகாசியில் தம்பி மகளுக்குக் கல்யாணம். அத்தைச் சீர்த் தட்டை மூத்த அத்தைதான் தலையில் சுமந்து வர வேண்டும். தம்பியின் மூத்த மகள் கல்யாணத்தில் கை வராமல், தங்கை அஞ்சம்மாள் சுமந்தாள். அதோடு நின்றாளா? “அக்காவுக்கு இனிமே உக்காந்து சாப்பிட்ற வேலைதான்” என்று பந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

“சவுரி, வைகாசிக்குள்ள என் கை தலைக்கு மேல போவணும். போனா ரூமு உனக்கு. போவலன்னா போனு பொட்டிக்கு” என்றார் கிளியம்மாள்.

சவுரிமுத்து தினமும் தோளை நீவினார், முதுகைத் தளர்த்தினார், ஊசி வைத்தார். கல்யாணத்தன்று காலை வரை கை காதோடு நின்றது. அன்று உச்சந்தலையில் ஒன்றும் முழங்காலுக்குக் கீழே இரண்டும் வைத்து, “இப்போ மெதுவா தூக்குங்கக்கா” என்றார்.

“தோளு இங்க கீது, நீ கால்ல குத்திகினு...” என்று சொல்லிக்கொண்டே தூக்கினார் கிளியம்மாள். கை போய்க்கொண்டே இருந்தது. நேரே மேலே போய்விட்டது.

“ஐயோ! தூக்கிட்டண்டா!” என்று கத்தியபடி அவர் எழுந்து வாசலுக்கு ஓடினார். சவுரிமுத்து பின்னாலேயே குனிந்து ஓடி, காலில் இருந்த இரண்டையும் பிடுங்கினார். வாசலில் கார் நின்றது. கிளியம்மாள் ஏறிவிட்டார்.

ஊசிகளைக் கொதிக்கவைக்கத் தட்டில் எண்ணிப் போடும்போதுதான் ஒன்று குறைந்தது. பாய்க்கு அடியில் பார்த்தார். சட்டைப்பையில் பார்த்தார். பிறகு உச்சந்தலை ஞாபகம் வந்தது. அந்தத் தலைமேல்தான், ஐந்து தேங்காயோடு பித்தளைத் தட்டு ஏறப்போகிறது.

பொழிச்சலூர் மண்டபத்துக்கு சைக்கிளை மிதித்தார். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்காரர்கள் திட்டியது ஒன்றும் காதில் விழவில்லை. ரகசியமாக எடுத்துவிடலாம் என்று பல்லாவரம் வரை நம்பிக்கை இருந்தது. மண்டபத் தெருமுனையில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. கிளியம்மாள் பட்டுப்புடவையில் நடுவில் நின்றார். சும்மாடு தலைக்கு வந்துகொண்டிருந்தது. அஞ்சம்மாள் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

வாயைத் திறந்தால் அறை போகும். திறக்காவிட்டால் ஊசி தலைக்குள் போகும்.

“அக்கா, வைக்காதீங்க! தலையில ஊசி இருக்கு!”

மேளம் நின்றது.

“இன்னா இருக்கு?” என்றாள் அஞ்சம்மாள். “ஐயோ, எங்கக்கா தலையில ஊசிய வுட்டுட்டான்! படுபாவி!”

“நான் அப்பவே சொன்னேன்லம்மா” என்றான் ஜெயவேலு.

கிளியம்மாள் வலது கையைத் தூக்கினார். கை தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, உச்சந்தலைக்குப் போய், தலைமுடிக்குள் தடவி, ஊசியை எடுத்துக்கொண்டு இறங்கியது. கூட்டம் ஊசியைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தது.

“ஏண்டா சவுரி, என் தலைய குண்டூசி டப்பான்னு நெனச்சியா?” என்று ஊசியை அவரிடம் நீட்டினார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார். “இன்னாடி பாத்துகினு நிக்கிற? தட்ட ஏத்து. நீ போய் உக்காந்து சாப்புடு.”

திங்கட்கிழமை காலை முன்னறைக்கு வெளியே பன்னிரண்டு பேர் நின்றார்கள். பூத்துக்கு மாடிப்படிக்கு அடியில் இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் கிளியம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். எத்தனை குத்தினான், எத்தனை எடுத்தான் என்று நோயாளி வாசலில் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதுவும் போதாதென்று, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே வருகிற ஒவ்வொரு தலையையும் தன் வலது கையால் அழுத்தித் தடவிப் பார்த்து அனுப்பினார்.

புதிதாக வருகிறவர்கள் அதையும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்றே எண்ணினார்கள். உள்ளே நடப்பதைவிட அதில்தான் குணம் தெரிகிறது என்று சொன்னவர்களும் உண்டு. சவுரிமுத்து மறுக்கவில்லை.