வளர்மதி தட்டிய கப்புகள்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷத்துக்கு மேலாக விருத்தாசலத்தில் பூச்சுவேலை பார்க்கிறேன். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடுகளில் தனியாகச் சாரம் கட்டி நின்றிருக்கிறேன், ஒரு மண்ணும் வந்ததில்லை. ஆனால் இதை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பாதியில் எழுந்து மட்டும் போகாதீர்கள்.

வளர்மதி இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறவள், என் வயதுதான் இருக்கும். சூளையிலிருந்து வருகிற கப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு சின்ன மரக்குச்சியால் தட்டுவது அவள் வேலை. கணீரென்றால் நல்ல கப்பு, டொப்பென்றால் உள்ளே எங்கோ கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காதால் பிடித்துவிடுவாள். அந்தக் காதை என்னவென்று சொல்வது! நானும் தட்டிப் பார்த்துப் பிழைக்கிறவன்தான், பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருந்தால் அதிலும் இதே டொப்பு சத்தம்தான் வரும், ஆனால் நான் பத்துத் தட்டு தட்டி யோசித்துச் சொல்வதை அவள் பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரே தட்டில் முடித்துவிடுவாள்.

அவள் வீட்டு உள்ளறையில் மேல்தளப் பூச்சு மழையில் ஊறி, கட்டிலுக்கு நேர் மேலே லேசாகப் புடைத்திருந்தது. கூப்பிட்டார்கள், போனேன். ஸ்டூல் மேல் ஏறிப் பூச்சுக் கரண்டிக் காம்பால் தட்டினேன், இரண்டு முழ அகலத்துக்கு டொப்பு டொப்பென்றது. கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், ஒரு நாள் வேலை. ஆனால் அவள் மகள் சுகன்யா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், ஏழு மாசம்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல உளி வைக்கக் கூடாதுங்கண்ணே," என்றாள் வளர்மதி. "புள்ள பொறந்து பேரு வச்சதும் மொத வேல இதான். அதுவரைக்கும் தாங்குமா, அத்த மட்டும் சொல்லுங்க."

கட்டிலையாவது நகர்த்திப் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டிலும் இதே வழக்கம்தான், மனைவி முழுகாமல் இருந்தபோது ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. அதனால் இந்தப் பேச்சை மீறக் கூடாது என்பதிலேயே புத்தி நின்றுவிட்டது. ஓரங்களை இன்னொரு தரம் தட்டினேன், கெட்டியாகத்தான் கேட்டது. "ஓரமெல்லாம் நல்லா புடிச்சிருக்குதும்மா, ஒண்ணும் ஆவாது," என்று பெரிய இன்ஜினியர் மாதிரி சொல்லிவிட்டு, அவள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன். அவள் தட்டிப் பார்க்கவில்லை, என் வார்த்தையை நம்பினாள்.

மூன்று வாரம் கழித்து அதே கம்பெனியில் சுவர் உதிர்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் பதினொரு மணி, சுள்ளென்று வெயில். நான் கலவை போட்டுக்கொண்டிருந்தேன், பத்தடி தள்ளி வளர்மதி கப்பு தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று டொப்பு. அடுத்ததும் டொப்பு. வரிசையாக எட்டுப் பத்துக் கப்பு அப்படியே. சூப்பர்வைசர் ஓடிவந்து ஒன்றை வாங்கித் தட்டினார், கணீரென்றது. "நல்லாத்தானம்மா இருக்குது, தூக்கமா?" என்றார். அவள் அதே கப்பைத் திருப்பி வாங்கித் தட்டினாள், டொப்பு. உடனே என்னிடம் நீட்டினாள். நான் தட்டினேன். நம்பினால் நம்புங்கள், என் கையிலும் டொப்பு, அதுவும் கப்பில் வருகிற சத்தமே இல்லை அது, அவள் வீட்டு மேல்தளம் போட்ட அதே சத்தம். அவள் முகத்தைப் பார்த்தேன், அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"அண்ணே, வண்டிய எடுங்க," என்றாள்.

போன் அடித்தாள், மகள் எடுக்கவில்லை. கலவைக் கையோடே வண்டியை முறுக்கினேன். பின்னால் உட்கார்ந்து பழமலைநாதரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் சாமியைக் கூப்பிடவில்லை, என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

சுகன்யா கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. மேலே பார்த்தேன், புடைப்பு அப்படியேதான் இருந்தது, ஒரு பிசிறுகூட உதிரவில்லை. வளர்மதி நிற்கவில்லை, நேரே போய்ப் பெண்ணைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள்.

"என்னாம்மா நீ, இப்பதான் கண்ணசந்தேன்," என்று அந்தப் பெண் சிணுங்கிக்கொண்டே அறை வாசற்படியைத் தாண்டினாள். தாண்டி நான்கு அடி வைத்திருக்க மாட்டாள். புடைத்திருந்த பூச்சு மொத்தமும் ஒரே பலகையாக இறங்கியது. ஃபேன் இறக்கை வளைந்துபோனது, தலையணை கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. நான் வளர்மதி காலில் விழப்போனேன், ஆமாம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "உளியே வைக்காம வேல முடிஞ்சிபோச்சு, பாத்தீங்களாண்ணே," என்று சிரித்தாள். அடுத்த நிமிஷமே மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை, அந்தப் பெரிய மனசுக்கு நான் என்ன செய்ய முடியும்! சாயங்காலம் கம்பெனியில் அந்தக் கப்புகளைத் திரும்பத் தட்டினோம். அத்தனையும் கணீர் கணீர்.

பேத்தி பிறந்தாள், பேர் வைத்தார்கள், மறுநாளே போய்ப் பூசினேன். என் ஆயுசில் அப்படி ஒரு பூச்சு பூசியதில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு அவளையே ஸ்டூலில் ஏற்றி ஒரு கழியைக் கொடுத்துத் தட்டச் சொன்னேன். மூலை முடுக்கு விடாமல் தட்டினாள், தலையாட்டினாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசித் தட்டில் கையை நிறுத்திக்கொண்டாள். கம்பெனியில் அன்றைக்குப் பார்த்த அதே முகம்.

"பூச்சு நல்லா இருக்குதுங்கண்ணே," என்றாள். "நீங்க மொதல்ல உங்க வூட்டுக்குப் போங்க."

பறந்து போனேன். மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து ஒழுங்காக வந்து சேர்ந்தார்கள், ஒன்றுமே இல்லை. என்ன கேட்டது என்று எத்தனையோ முறை அவளிடம் கேட்டுவிட்டேன், பேத்தி பல் முளைத்த கதையைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாள். ஐந்து மாசமாகிறது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஸ்டூல் போட்டு என் வீட்டு மேல்தளம் முழுக்கத் தட்டிப் பார்க்கிறேன். என் காதுக்கு நல்லாத்தான் கேட்கிறது.