நிறுத்தச் சொல்லி ஒரு போன்

எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊர் ஊராக ஓடும் சரக்கு டிரெய்லர்களைத் திரையில் கண்காணிப்பது என் வேலை. ஒரு மத்தியானம், மெத்தை ஏற்றிய டிரெய்லர் ஒன்றின் பின்சக்கரச் சூடு மளமளவென்று ஏறியது. பிரேக் சிக்கிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். ஒரு பொறி பட்டால் போதும், மெத்தை முழுக்கப் பற்றிக்கொள்ளும்! டிரைவருக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். அவர் எடுக்கவே இல்லை.

வண்டி எங்கே என்று பார்த்தேன். பக்கத்தில், ஹெப்பகோடி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது! உடன் வேலை செய்யும் ஷபானா ஸ்கூட்டர் சாவியோடு எழுந்தாள்.

"ஜல்தி வாடி, பிடிச்சிடலாம்!"

பெங்களூரு டிராஃபிக்கை அன்று மட்டும் மனதார வாழ்த்தினேன். வண்டிகளுக்கு நடுவே புகுந்து போய் டிரெய்லரின் கதவைத் தட்டினேன்.

"அண்ணா, பின்னாடி வீல் பத்திக்கப் போகுது! ஓரங்கட்டுங்க!"

ஓரங்கட்டி இறங்கியவர் புகையைப் பார்த்ததும் தீயணைப்பானோடு ஓடினார். புகை அடங்கியபோது நானும் ஷபானாவும் ரோட்டோரத்திலேயே கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

"ஏண்ணா போன் எடுக்கல?"

"உங்க ஆபீஸ் நம்பர்னாலே, ஏன் நின்னே, ஏன் லேட்டுன்னுதானேம்மா கேப்பீங்க? வண்டிய நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு நான் கண்டேனா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

இன்றும் திரையில் ஏதாவது வண்டி நின்றால் போன் செய்கிறேன். ஆனால், "அண்ணா, உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.