வலி நின்ற அன்றே தீர்த்த நேர்த்திக்கடன்

செமோரிலிருந்து ஈப்போவுக்குப் பத்து மைல். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். முழங்கால் வலிக்காரரை அழைத்துக்கொண்டு அந்த வழியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், என் அக்கா மரியாவோடு.

அக்கா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். மரத்துக்கு மரம் குனிந்தும் குந்தியும் இரண்டு முட்டியும் வீங்கிவிட்டன. புருஷன் இல்லை. வேலைக்குப் போகாதவர்களுக்குத் தோட்டத்து வீடும் இல்லை. “ரெண்டு மாசம் பொறுக்கிறேன், அதுக்குள்ள வேலைக்கு வந்துரு லா” என்றிருந்தார் மண்டோர், தோட்டத்து மேஸ்திரி.

காலை ஏழு மணி பஸ். படி உயரம். டிரைவர் திரும்பிப் பார்த்து, “மெல்ல ஏறுங்க அக்கா, பஸ்ஸு எங்கயும் ஓடிப் போகாது லா” என்றார். நல்ல மனுஷன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டியிலிருந்து நீர் எடுத்து ஊசி போட்டார். தமிழ் நர்ஸ் ஒருத்தி, மிஸ்ஸி என்போம், விளக்கினாள்: “ஊசி வலியத்தான் அமுக்கும்க்கா. உள்ள மெத்த மாதிரி குருத்தெலும்பு இருக்கு. வீக்கம் அதோட செல்லைச் சாகடிக்குது. செத்தா திரும்ப மொளைக்காது. ஆறு வாரம் முட்டி போடாதீங்க, குந்தாதீங்க. மிச்சத்தயாச்சும் காப்பாத்தலாம்.”

(ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் அடுப்பு எரிகிறதாம், வீக்கம் அதைத்தான் கெடுக்கிறதாம். இப்போது என் மகள் சொல்கிறாள். அன்றைக்கு மிஸ்ஸி சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.)

வெளியே வந்ததும் அக்கா விறுவிறுவென்று நடந்தாள். வலியே இல்லை என்றாள். எனக்கும் சந்தோஷம்தான், மாதா கோயில் பக்கம் அவள் திரும்பும்வரை.

“வலி போனா வாசல்லேருந்து பீடம் வரைக்கும் முட்டியாலயே வாரேன்னு நேர்ந்திருக்கேன்.”

“உனக்குப் பைத்தியமா? மிஸ்ஸி சொன்னது காதுல விழலையா? ஆறு வாரம் கழிச்சு வா!”

“கடன் வச்சா, மாதா குடுத்தத திரும்ப எடுத்துக்குவாங்க லா.”

கையைப் பிடித்து இழுத்தேன், உதறினாள். சிமெண்டுத் தரையில், வீங்கிய முட்டிகளால், பீடம்வரை போனாள். பெஞ்சில் இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தியாவது தடுத்தாளா?

சாயங்காலம் ஊசியின் வேகம் தணிந்தது. பஸ் ஸ்டாண்டில் அவளால் படி ஏற முடியவில்லை. டிரைவரும் கண்டக்டரும் தூக்கி ஏற்றினார்கள். செமோர்வரை சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

அதன்பிறகு அவள் பால் வெட்டவில்லை. மண்டோர் சொன்ன தவணையும் முடிந்தது.

என் யோசனை: பஸ்ஸில் முன்சீட்டு பிடியுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். கோயிலுக்குப் போவதானால் முதலில் போய்விடுங்கள், நின்றே கும்பிடுங்கள். வலி மரத்த காலோடு சாமிக்கு முன்னால் போகாதீர்கள்.

வீடு காலி செய்த அன்று, புந்தோங்கில் என் வீட்டுக்கு வந்த லாரியில், அக்கா மாதா படத்தை மடியில் வைத்திருந்தாள்.

“நல்ல வேள,” என்றாள், “அன்னைக்கே குடுத்துட்டேன். இப்பன்னா எப்படி முட்டி போடுவேன்?”