அண்ணாச்சி தேர்ந்தெடுத்த வீடு

கொல்லங்கோட்டிலிருந்து தந்தி வந்தபோது நான் எஸ்டேட் ஆபீசில் இருந்தேன். சண்முகவேல் அண்ணாச்சி காலமானார் என்று ஒரே வரி. அவரைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அழுகை வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் இடுக்கித் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் டீமேக்கராக, அதாவது தேயிலையின் பக்குவத்துக்குப் பொறுப்பான அதிகாரியாக, இருந்தவர் அவர். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை, அதட்டும் குரல். தேநீரைச் சோதிக்கும்போது கோப்பையின் நிறத்தைப் பார்த்து மயங்கவே மாட்டார். வடித்த பின் தங்கும் சக்கையை வெளிச்சத்தில் விரித்து வைத்துப் பார்ப்பார். "தண்ணி ஏமாத்தும்வே, சக்கை ஏமாத்தாது" என்பார்.

எமர்ஜென்சி வந்த வருடம் ஓய்வு பெற்றார். மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அடுத்த டீமேக்கருக்காகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இனி எங்கே இருப்பது, முடியாமல் போனால் யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. என் குவார்ட்டர்ஸில் ஓர் அறை சும்மா கிடந்தது, வந்துவிடுங்கள் என்றேன். அவரோ, "பொண்ணு பாக்க நாலு வீடு ஏறி எறங்குதோம்லா? இதுக்கும் ஏறிப் பாப்போம்" என்றார்.

முதலில் அடிவாரத்தில் இருந்த முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போனோம். ஊரெங்கும் திடீர்ச் சோதனை நடந்த காலம். காக்கி உடையைக் கண்டதும் அவரை அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். நாற்காலி வந்தது, காபி வந்தது, நேந்திரம் சிப்ஸ் வந்தது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கே பெட்டியைக் கொண்டு வந்துவிடலாம் என்று என் காதில் சொன்னார். கட்டில்களில் எல்லாம் புது விரிப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை. கடைசிக் கட்டிலில் இருந்த பெரியவர் அவர் கையைப் பிடித்து, "சார், நாளைக்கும் வருவீங்களா? நீங்க போனா விரிப்ப எடுத்துருவாங்க" என்றார். அண்ணாச்சி விரிப்பின் நுனியைத் தூக்கினார். பெரியவரின் கால் நகங்கள் வளர்ந்து, வளைந்து, சதையில் குத்திக்கொண்டிருந்தன. அண்ணாச்சி விரிப்பை விட்டுவிட்டு நேரே பஸ்ஸுக்கு நடந்தார்.

பிறகு என் வீட்டில் வந்து தங்கினார். என் மனைவி விதவிதமாகச் சமைத்தாள். அவர் வந்தால் என் மகள்கள் எழுந்து நிற்பார்கள். பத்தாம் நாள் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து கால் நகம் வெட்டப் பார்த்து, குனிய முடியாமல் விரலையே வெட்டிக்கொண்டார். துணியைச் சுற்றி மறைத்தும் வைத்தார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன்.

"உம்ம வீட்டுல எனக்கு ரொம்ப மரியாதைவே. மரியாதை குடுக்கவங்ககிட்ட நகத்த வெட்டிவுடுன்னு எப்படிக் கேக்க?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான்தான் கொல்லங்கோட்டில் ஒரு வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்ற வேலுச்சாமியும் அவர் மனைவி பாப்பாத்தியும் தங்கள் ஓட்டு வீட்டில் நான்கு வயசாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை அண்ணாச்சி காக்கியை விட்டு வேட்டியில் வந்தார், அதுவும் கொட்டும் மழையில், சொல்லாமல் கொள்ளாமல். வாசலிலேயே பாப்பாத்தி மறித்தார். "ஏனுங்க, இந்தச் சேத்துக் காலோட ஊட்டுக்குள்ள எங்க வாறீங்க? அங்கயே நில்லுங்க." ஒரு செம்பு வெந்நீரோடு வந்து தாமே குனிந்து அவர் காலைக் கழுவிவிட்டார். கழுவியவர் நகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு திட்டு திட்டினார். உள்ளே நான்கு வயசாளிகளும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது விரல்களையும் அண்ணாச்சி நிதானமாகப் பார்த்தார். "பெட்டிய எடுத்துட்டு வாரும்வே" என்றார்.

அங்கே அவர் சும்மா இருந்தாரா என்ன? தேயிலையைக் குழம்பு மாதிரிக் கொதிக்கவிடக் கூடாது என்று பாப்பாத்தியை அடுப்படியிலிருந்து விரட்டினார். அந்த அம்மாள் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்துப் பழி வாங்கினார். எனக்கு வந்த கடிதங்களில் பாதி இந்தச் சண்டைதான். படித்துவிட்டு நானும் மனைவியும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

தந்தி கண்டு நானும் மனைவியும் கொல்லங்கோடு போய்ச் சேர்ந்தபோது, வழக்கப்படி கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என் கண் அங்கேதான் போனது. பத்து நகங்களும் ஒட்ட வெட்டப்பட்டு, சுத்தமாக இருந்தன.

பாப்பாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கெழமதானுங்க வெட்டி உட்டேன். சதையோட வெட்டிப்போட்டேன்னு என்னய ஒரே திட்டு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குனிந்து அந்தக் கால்களைத் தொட்டேன். சரியான வீடாகத்தான் பார்த்தீர்கள், அண்ணாச்சி. போய் வாருங்கள்.