டெய்லர் அத்தை வீட்டு முட்டு

டெய்லர் அத்தை வீட்டுக் கூடத்தின் நட்டநடுவில் ஓர் இரும்பு முட்டு நின்றது. தரையில் காலை ஊன்றி, தலையால் கூரையைத் தாங்கி, உட்காரச் சொல்ல மறந்துபோன விருந்தாளி மாதிரி. அத்தை அதைச் சுற்றிப் பெருக்குவாள். அளவு நாடாவை அதில்தான் தொங்கவிடுவாள். பக்கத்திலேயே தையல் மெஷின். குண்டானவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள். புதுத் துணி தைப்பதில்லை. "புதுசு தைச்சா பிடிக்கலம்பாங்க. பழசு ஏற்கெனவே பிடிச்சதுதானே" என்பாள்.

குடியிருப்பு அரசாங்கம் கட்டியது. கீழே அத்தை, அவள் தலைக்கு நேர் மேலே நாங்கள், எங்களுக்கு மேலே பேங்க் மாமா. ஒரு மழைக்காலத்தில் அத்தை வீட்டுக் கூரையில் பீம் வெடித்தது. இன்ஜினியர் வந்தார். சுத்தியலால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "இடிக்கணும். இல்லேன்னா பெரிய ரிப்பேர் பண்ணணும். மேலிடம் முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் இது தற்காலிகம்" என்று சொல்லி முட்டை நிறுத்தினார்.

தமிழ் வாத்தியார் நடத்தியதில் எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான்: முட்டோடு ஐ சேர்ந்தால் முட்டை. அதிகாரிகள் முட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அடைகாத்தது அத்தை.

முட்டின் இடுப்பில் ஒரு திருகு உண்டு. தளர்ந்தால் அதில் கம்பியைச் செருகி அரைச் சுற்றுத் திருக வேண்டும். "தளர்ந்தா மட்டும்தாம்மா. சும்மா சும்மா திருகினா மேல் தளம் பிளந்துக்கும்" என்று சொல்லிக் கம்பியை அத்தை கையில் கொடுத்துவிட்டு இன்ஜினியர் போனார். போனவர் போனவர்தான்.

மேலிடம் முடிவெடுக்கவில்லை. இடித்தால் எங்களுக்கு மாற்று வீடு தர வேண்டும், வீட்டுக்கு நிதி வேண்டும், நிதிக்கு வரி போட வேண்டும், வரி போட்டால் ஓட்டுப் போய்விடும். அதனால் தேர்தல் முடியட்டும் என்றார்கள். முடிந்ததும் பட்ஜெட் வரட்டும் என்றார்கள். வந்ததும் குழு அறிக்கை கொடுக்கட்டும் என்றார்கள். ஆட்சி மாறியது. புது அமைச்சர் நேரிலேயே வந்து, முட்டைத் தோளில் தட்டிக்கொடுத்து, "நல்லா ஸ்ட்ராங்காத்தானே இருக்கு!" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? ரொம்பக் கேட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களே என்று யாருமே கேட்கவில்லை. "பொண்ணு பரீட்சை முடியட்டும்" என்றார் பேங்க் மாமா. "மழை விடட்டும்" என்றார் அப்பா. நான் பத்தாவது கணக்குப் பரீட்சையை வருஷா வருஷம் தள்ளிவைத்துக்கொண்டிருந்தேன். அந்த விஷயத்தில் அரசாங்கத்துக்கும் எனக்கும் ஒரே கொள்கை.

டிவியில் கட்சிக்காரர் யாராவது பேசினால் அப்பா எகிறுவார். "பாரு, வெட்கமே இல்லாம எப்படி முட்டுக் கொடுக்கிறான்!" அவர் ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்கு நேர் கீழேதான் அத்தை வீட்டு முட்டு இருந்தது.

கட்டடத்தில் எங்கே சின்னச் சத்தம் கேட்டாலும் எல்லோரும் கீழே ஓடுவார்கள்.

"டெய்லர் அக்கா, ஒரு சுத்து திருகுங்க!"

"பதறாதீங்க, உக்காருங்க." அத்தை முட்டை எங்களுக்கு மறைத்து நின்று கம்பியைச் செருகுவாள். ணங், ணங் என்று சத்தம் வரும். "ஆச்சு!"

அந்த 'ஆச்சு'வில் எல்லோருக்கும் உயிர் திரும்பும். அப்புறம் டீ. பேங்க் மாமா மேனேஜரைத் திட்டுவார், அம்மா என்னைத் திட்டுவாள், அத்தை எல்லோருக்கும் பரிந்து பேசுவாள்.

மற்ற நாட்களில் அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை. துணி கொடுப்பவர்கள் வாசலில் கொடுத்து வாசலில் வாங்கிக்கொள்வார்கள். அவள் புருஷன் போய் ரொம்ப காலமாகிறது. மகன் தூரத்து நகரத்தில் வேலை. "அடுத்த லீவுக்கு வரேம்மா" என்பான். அவனும் ஒரு மேலிடம்.

சில சாயங்காலங்களில் மெஷின் ஓடும் சத்தம் எங்கள் தரை வழியாகக் கேட்கும். ஊசிக்கு அடியில் துணி இருந்தால் அது ஒரு மாதிரி கடகடக்கும். துணி இல்லாமல் வெறுமனே மிதித்தால் வேறு மாதிரி, லேசாக, நிற்காமல் ஓடும். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துபோயிற்று.

என்னிடம் ஒரு டம்பெல் இருந்தது. உடம்பை ஏற்றுவதற்காக வாங்கியது. உடம்பு ஏறவில்லை. முதல் தடவை அது கை வழுக்கித்தான் விழுந்தது. மொத்தக் கட்டடமும் செருப்பில்லாமல் கீழே ஓடியதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்கப்புறம், கீழே மெஷின் துணியில்லாமல் ஓடும் நாட்களில் எனக்குக் கை வழுக்கும்.

ஒருநாள் பேன்ட் நீளத்தைக் குறைக்கக் கொண்டுபோனபோது திருகைக் கவனித்தேன். இன்ஜினியர் அடையாளத்துக்கு இழுத்த சிவப்புப் பெயின்ட் கோடு, திருகிலும் குழாயிலும் ஒரே நேராக, இழுத்தபடியே இருந்தது.

"அத்தை! நீங்க திருகினதே இல்லையா?"

அவள் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "நீ மட்டும் மேல எக்சர்சைஸா பண்றே?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

"தளரவே இல்லடா, எதுக்குத் திருகணும்? அவங்களுக்குச் சத்தம் கேட்டாப் போதும். வராங்க, ஒரு வாய் டீ குடிக்கிறாங்க, போறாங்க. அதுவும் இல்லேன்னா இந்த வாசப்படிய யாருடா மிதிப்பா?"

நான் பேன்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் கொஞ்சம் பலமாகவே கை வழுக்கியது.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ராட்சசன் விரலைச் சொடுக்கியது மாதிரி, கட்டடத்தின் உள்ளே எங்கேயோ ஒரு சொடக்கு.

எல்லோரும் ஓடினோம். அத்தை அதற்குள் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள், கம்பியும் கையில் இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்து, கண்ணால் மட்டும் சிரித்தாள்.

நான் தலையை ஆட்டினேன். "அத்தை, நான் இல்ல."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அண்ணாந்து பார்த்தாள். மெஷின் மேல் மாவு சலித்தது மாதிரி வெள்ளையாகத் தூள் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒரு சுத்து போடுங்க, சீக்கிரம்!" என்றார் அப்பா.

அவள் கம்பியைத் தூக்கினாள். ணங், ணங், ஆச்சு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அடுப்பில் டீ கொதித்தது. எல்லோரும் உட்காரத் தயாராக நின்றார்கள். தூக்கிய கம்பி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

"நான் இதை ஒரு தடவைகூடத் திருகினதில்ல. சும்மா தட்டினேன். நீங்க கேட்டது சத்தம், நான் குடுத்ததும் சத்தம். இன்னைக்கு அது உதவாது. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வெளிய போங்க."

பேங்க் மாமாவுக்கு முகம் சிவந்தது. "அப்போ இத்தனை நாளா எங்களை ஏமாத்தினீங்களா?"

"ஆமா" என்றாள் அத்தை.

யாரும் டீ குடிக்கவில்லை. அது பொங்கி அடுப்பை அணைத்தது. நான் டம்பெல் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள்.

தெருவில் நின்றோம். திரும்ப உள்ளே போக ஒருவருக்கும் தைரியமில்லை. படுக்க இடமில்லாததால் அந்தத் தடவை யாரும் எதுவும் முடியட்டும் என்று சொல்லவில்லை. பாய், பாத்திரத்தோடு அதிகாரியின் அலுவலக வாசலிலேயே போய் உட்கார்ந்தோம். ஆட்சிகள் மாறியும் நகராத காகிதம் நகர்ந்தது. ஆளுக்கொரு மூலையில் மாற்று வீடு கிடைத்தது. பழைய கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அதை இடிப்பதா வேண்டாமா என்று ஒரு குழு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் அத்தை பேச்சே கிடையாது. வந்தால் 'அந்தம்மா' என்றுதான் வரும். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் பேசுவதற்கு வாய் இருந்திருக்குமா என்று கேட்டேன். சோறு போடும் நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது.

போன மாதம் பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போனேன். புதுக் கட்டடத்தின் கடைசி மாடி. நடைபாதை முழுக்க ஒரே நிறத்தில் மூடிய கதவுகள். உள்ளே கூடத்தின் நடுவில் ஒன்றுமில்லை. ஆனாலும் அத்தை நேராக நடக்காமல், இல்லாத முட்டைச் சுற்றிக்கொண்டு வந்து எனக்கு நாற்காலி போட்டாள்.

"நல்ல கட்டடம்டா. ஒரு சத்தம் கிடையாது. மேல யாருமே இல்ல."

"உங்க பையன் வந்தாரா?"

"லீவு வரட்டும்னு சொல்லியிருக்கான்."

அவள் அடுப்படிக்குப் போனதும் பையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். பையிலிருந்த டம்பெல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் போட்டேன். என் காலடி மட்டும்தான் அதிர்ந்தது. படிக்கட்டு ஓரம் போய் எட்டிப் பார்த்துக் காத்திருந்தேன். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. உறுதியான கட்டடம், யாருக்கும் பயமில்லை, யாரும் வரவில்லை.

அப்போது கீழே ஜன்னல் கம்பியில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. ணங், ணங்.

"ஆச்சுடா! டீ ஆறுது, இறங்கி வா!"