முனியாண்டி கோயில் குதிரையோடு சுங்கை ரம்பாய்க்கு

மலாக்கா என்றால் நம்மில் பலருக்குச் செண்டோல் ஐஸும் ஆற்றுப்படகும்தான். நானும் அந்தக் கட்சிதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் நகரப் பக்கமே போகாமல், ஒரு வெள்ளைக் குதிரைக்குப் பின்னால் கார் ஓட்டிக்கொண்டு மாநிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வந்தேன். கூப்பிட்டவர் கஸ்தூரி அக்கா. புக்கிட் காத்திலில் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டே, கைவிடப்பட்ட குதிரைகளை மீட்டு நல்ல இடங்களில் சேர்ப்பவர். அவரிடம் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

கோலாலம்பூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். சிம்பாங் அம்பாட் டோலில் இறங்கி, அலோர் காஜா வழியாக ரெம்பியா வர எட்டாகிவிட்டது. சுமார் 120 கிலோமீட்டர். பசியாறிவிட்டே குதிரை இருந்த எஸ்டேட்டுக்குள் நுழையுங்கள். அதற்குப் பிறகு செம்பனை மரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது.

குதிரையின் பெயர் ராணி. கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்தவள். தொழில் படுத்ததும் உரிமையாளர் அவளைத் தோட்டத்தில் கட்டிப்போட்டுவிட்டு ஆளே காணாமல் போய்விட்டார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளை அக்கா மீட்டு, எஸ்டேட் முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் விட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. வெள்ளைக் குதிரை, அதுவும் முனியாண்டி கோயிலில்! சனம் சும்மா விடுமா? வெள்ளிக்கிழமைதோறும் கேசரி, சர்க்கரைப் பொங்கல், சீப்புச் சீப்பாக வாழைப்பழம்.

ராணி கொழுத்தாள், பிறகு நொண்டினாள். இனிப்பு மிஞ்சி முன்னங்குளம்புகளுக்குள் வீக்கம். இப்படியே போனால் அவளால் நிற்கவே முடியாது, ஊசி போட்டு முடித்துவிட வேண்டியதுதான் என்று மிருக டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வேலி போட்டார், போர்டு மாட்டினார், கெஞ்சினார். “சாமிக்கு யாராச்சும் டயட் வைப்பாங்களா?” என்று கேட்டு, வேலிக்கு மேலே கையை நீட்டி ஊட்டினார்களாம். பட்டினி போட்டவனையாவது திட்டலாம். அன்பாக ஊட்டுகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

கடைசியில் சுங்கை ரம்பாயில் ஆடு வளர்க்கும் மாரியப்பன் அண்ணன் ராணியை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தார். பக்கத்தில் கோயில் கிடையாது. டாக்டர் வலிக்கு மருந்து கொடுத்துப் பயணத்துக்குச் சரி சொன்னார். அந்தச் சனிக்கிழமை லாரியும் வந்தது. ராணிதான் சாய்வுப் பலகையில் கால் வைக்க மறுத்தாள். இழுத்தோம், தள்ளினோம், கொஞ்சினோம். ம்ஹூம். கூடியிருந்த எஸ்டேட்காரர்கள் முகத்தில் ஒரு நிம்மதி.

“முனி உத்தரவு குடுக்கலமா. விட்ருங்க” என்றார் பூசாரி ஆறுமுகம் அங்கிள். வெள்ளிக்கிழமைகளில் முதல் தட்டுக் கேசரி அவர் கையால்தான் போகும்.

அக்கா சண்டை போடவில்லை. “அங்கிள், கொஞ்சம் வந்து குளம்புல கை வச்சுப் பாருங்க.”

அவர் குனிந்து தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்தார். “என்னமா இப்படிச் சுடுது?”

“எல்லாம் நம்ம குடுத்த இனிப்புதான். ரொம்ப கெசியான்லா, பாவம் அவ. இங்கயே இருந்தா செத்துருவா, அங்கிள்.”

அவர் விறுவிறுவென்று கோயிலுக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். கையில் பூசை மணியோடு திரும்பி வந்து, லாரிக்குள் ஏறி நின்று அடித்தார். ராணியின் காதுகள் நிமிர்ந்தன. மணி அடித்தால் கேசரி வரும் என்று பழகியவள் அல்லவா! மெல்ல நொண்டி நொண்டித் தானாகவே ஏறினாள். உள்ளே இருந்தது காய்ந்த புல். சீர்வரிசை குறைந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பூசாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையே தின்ன ஆரம்பித்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

“புது எடம், பயப்படுவா. நானும் வரேன்” என்று சொல்லிவிட்டு அங்கிள் லாரியை விட்டு இறங்கவே இல்லை.

சுங்கை ரம்பாய் அங்கிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். காரில் ஒன்றேகால் மணி நேரம் போதும்; ராணிக்காக ஊர்ந்து போனதில் இரண்டரை மணி ஆயிற்று. நடுவில் புக்கிட் காத்திலில் நிறுத்தி அவளுக்குத் தண்ணீர் காட்டினோம்.

போய்ச் சேர்ந்தால், மாரியப்பன் அண்ணனின் மனைவி வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கிண்ணம் வெல்லம். “மொத மொத வீட்டுக்கு வரா. வெறும் வாயோடவா உள்ள விடறது?”

கஸ்தூரி அக்காவின் முகம் செத்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் லாரியிலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

“ஆரத்தி எடுமா, தப்பில்ல. அதுலாம் கூடாது. சாமி டயட்ல இருக்கு!”

பூசாரி அங்கிள் இறங்கி வந்து கிண்ணத்தை வாங்கி, வெல்லத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். நானும்தான்.

நீங்களும் போவதாக இருந்தால், பழைய காலணி போடுங்கள், சேறு உண்டு. மத்தியான வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். ராணி இப்போது அவ்வளவாக நொண்டுவதில்லை. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் ஏதாவது வாங்கிப் போவது நம் வழக்கம். இவளைப் பார்க்க மட்டும் வெறுங்கையோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெம்பியாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து பூசாரி அங்கிள் கேட்டில் நிற்பார். பையைத் திறந்து காட்டச் சொல்வார். காட்டிவிடுங்கள்.